பனியில் நின்ற சாரம்

எழுபதுகளில் அணைக்கட்டு வேலைக்காக மெல்பர்னிலிருந்து பனி பெய்யும் மலையூர் ஒன்றுக்கு என்னை அனுப்பினார்கள். என் அறைத் தோழரும் யாழ்ப்பாணத்தவர்தான். ஒரு வருடம் முந்தி வந்தவர் என்பதால் குளிரைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. தோய்த்த சாரத்தை, அதுதான் இடுப்பில் கட்டும் லுங்கியை, எங்கே காயப்போடுவது என்று அவரிடம் கேட்டேன்.

"வெளியிலை போடும் ஐசே, காத்திலை காய்ஞ்சிடும்."

காலையில் என் சாரம் பலகையாக விறைத்துத் தொங்கியது. அந்தப் பாவி அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய், வேலைத்தளம் முழுக்கக் காட்டிச் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு கிழமை பொறுத்தேன். பிறகு ஓர் இரவு அவருடைய புதுச் சாரத்தை நனைத்து வெளிக்கொடியில் போட்டேன். விடியற்காலையில் அவர் கொல்லைக் கக்கூசுக்குள் போனதும், விறைத்த சாரத்தைக் கக்கூஸ் வாசலில் பனிக்குள் குத்தி நிறுத்தி, மேலே என் தொப்பியை வைத்தேன்.

கதவைத் திறந்தவர், யாரோ கட்டை மனிதன் நிற்கிறான் என்று அலறி, வழுக்கிப் பனியில் விழுந்தார். விழுந்த பிறகுதான் தொப்பிக்குக் கீழே பார்த்தார்.

"ஆருடைய சாரம் ஐசே இது?"

"உம்மடைதான். காத்திலை காயட்டுமெண்டு போட்டனான்."