முத்திரை இல்லாத பச்சைக் கோடுகள்

பொதுமக்களோடு நடக்கும் வியாபாரத்தில் பயன்படும் எந்த எடை, அளவுக் கருவியும் குறித்த காலத்துக்கு ஒருமுறை சரிபார்க்கப்பட்டு முத்திரை பெற்றிருக்க வேண்டும். இந்த விதியோடு விழுப்புரத்து மளிகைக் கடைகளையும் மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலை மண்டிகளையும் சுற்றியே, எடை அளவு ஆய்வாளனாக என் உத்தியோகம் முடிந்தது. ஓய்வுபெற்ற பிறகு, திண்டிவனத்து மாடியறை ஒன்றில் என் மனைவியின் உடம்பை அளந்த கருவியிலும் முதலில் முத்திரையைத்தான் தேடினேன். இல்லை.

ஊசி குத்தாத அக்குபங்சர் அது. பேனா போன்ற ஒரு முனையை மணிக்கட்டிலும் கணுக்காலிலும் உள்ள புள்ளிகளில் வைப்பார்கள். உடம்பில் சக்தி ஓடும் பாதைகள் ஒவ்வொன்றுக்கும் திரையில் ஒரு கோடு எழும்பும். குட்டை என்றால் சிவப்பு, உயரம் என்றால் பச்சை. பிறகு அதே புள்ளிகளில் லேசான மின்துடிப்பு கொடுத்துவிட்டு மறுபடி அளப்பார்கள்.

மனைவி முட்டிவலிக்காகத்தான் போனாள். சில வாரங்களில் கோடுகள் எல்லாம் பச்சையானதும், ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிட்டாள்.

"சிகிச்சை பண்றவர் நிறுத்தச் சொன்னாரா?"

"அவரு ஒண்ணும் சொல்லல. அதான் பச்சை வந்துடுச்சே, அப்புறம் எதுக்கு மாத்திரை?"

நிறுத்து என்றும் சொல்லவில்லை, நிறுத்தாதே என்றும் சொல்லவில்லை. இப்படி வாயை மூடிக்கொண்டு லாபம் பார்த்தவர்களை மண்டிகளில் நிறையப் பார்த்திருக்கிறேன். அடுத்த வெள்ளிக்கிழமை நானும் அவளோடு பஸ் ஏறினேன்.

சிகிச்சையாளருக்கு நாற்பது வயதிருக்கும். குயிலாப்பாளையத்தில் ஒரு வெளிநாட்டுக்காரரிடம் கற்றதாகச் சொன்னார். நான் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததும், "சார் என்னம்மா, ரெய்டுக்கு வந்த மாதிரி பாக்கறாரு" என்றார்.

"வீட்லயும் அப்படித்தாங்க. காய்கறிக்காரரு எங்க தெருவுக்கே வர்றதில்ல" என்றாள் மனைவி.

வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பது அவள் வழக்கம். சீயக்காய்க்கு முழுதும் போகாத நல்லெண்ணெய் பூசிய தோலில் முதல் அளவு எடுத்தார்: சிவப்பு. மின்துடிப்பு கொடுக்கத் தடவிய பசையை ஈரப் பஞ்சால் துடைத்தார். ஈரம் காய்வதற்குள் இரண்டாம் அளவு: பச்சை. ஒவ்வொரு வாரமும் இதே வரிசைதான். யாரும் ஏமாற்றவில்லை என்றே வைத்துக்கொள்வோம். தராசுத் தட்டில் ஈரக் கோணி ஒட்டியிருப்பது கடைக்காரருக்கே தெரியாத நாட்களும் உண்டு.

"எனக்கும் ஒருமுறை அளந்து பாருங்க."

அளந்தார். ஏறக்குறைய எல்லாமே சிவப்பு. "என்னாங்க சார், இவ்ளோ வீக்கா இருக்கீங்க?"

குழாயடிக்குப் போய்க் கைகால் கழுவி, துடைக்காமல் வந்து உட்கார்ந்தேன். மறுபடி அளந்தார். வரிசையாகப் பச்சை. ஈரத் தோலில் மின்சாரம் சுலபமாக ஓடும்; கருவி அளந்தது அதைத்தான்.

"நடந்துட்டு வந்தீங்க இல்ல, சக்தி ஏறியிருக்கும்."

"குழாயடி வரைக்கும் போனதுக்கா?"

மனைவி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பும் பஸ் மயிலம் கூட்டுரோட்டைத் தாண்டியது. பிறகு கேட்டாள்: "அப்ப எனக்கு முட்டிவலி கொறஞ்சது பொய்யா?"

பொய் என்று சொல்ல முடியவில்லை. அந்த மாடிப்படியைக் கைப்பிடி தொடாமல் ஏறியிருந்தாள். மின்துடிப்போடு எனக்குச் சண்டை இல்லை, அதை அளந்ததோடுதான் என்றேன்.

"அந்த மெஷின் சரியான்னு உங்க ஆபீஸுக்கே எழுதிக் கேளுங்க. பதில் வர்ற வரைக்கும் மாத்திரை போட்டுக்கறேன். வந்த பிறகு தொல்லை பண்ணக்கூடாது."

சீக்கிரம் பதில் வர ஒரு மனுவை எப்படி எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதற்கு நேர்மாறாக எழுதினேன். கருவியின் மாடல் விவரத்தை விட்டுவிட்டேன்; விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வரும், நான் சாவகாசமாகப் பதில் போடலாம். நகலை வேறு இரண்டு அலுவலகங்களுக்கும் அனுப்பினேன். மற்றது பதில் போடட்டும் என்று ஒன்றை மற்றொன்று பார்த்துக்கொண்டிருக்கும். எதிர்பார்த்தபடியே எல்லாம் நடந்தது. அவள் தினமும் காலையில் மாத்திரை போட்டாள். வெள்ளிக்கிழமைகளில் திண்டிவனமும் போனாள்.

கடைசியில் வந்த கடிதத்தை அவளே பிரித்தாள். மேற்படி கருவி இத்துறையின் வரம்புக்குள் வராது, உரிய துறையை அணுகவும் என்றிருந்தது. படித்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

"அந்த உரிய துறைக்கும் எழுதிடுங்க. போன தடவை மாதிரியே, மாடல் நம்பர் போடாம."

சொல்லிவிட்டு மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். எப்போதிலிருந்து அவளுக்குத் தெரியும் என்ற சந்தேகம் இன்றுவரை தீரவில்லை. கடிதம் வந்த அன்று பங்குனி உத்திரம், தெய்வங்களுக்கே கல்யாண நாள்.