மூன்று கார்டும் ஒரு டிக்கெட்டும்

கிரெடிட் கார்டு வாங்கிச் செலவை அடக்க முடியாமல் புலம்பியவர்கள் எங்கள் டவுன்ஷிப்பில் எத்தனையோ பேர். செலவே ஆக மாட்டேன் என்கிறதே என்று முகம் வாடி உட்கார்ந்தவர் கனகம் அக்கா ஒருத்தர்தான்.

அக்கா எனக்குப் பக்கத்து குவார்ட்டர்ஸ். ஆபீஸும் ஒன்றுதான், நான் கிளார்க், அவர் அட்டெண்டர். அவருடைய வீட்டுக்காரர் எங்கள் கம்பெனிச் சுரங்கத்தில், அதாவது மைன்ஸில், வேலை பார்த்தவர், சர்வீஸில் இருக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார். அப்படிப் போனால் குடும்பத்தில் ஒருவருக்கு வேலை கிடைக்கும். மகன் ஜெயப்பிரகாஷ் டிப்ளமோ முடித்துவிட்டு அந்த வேலை தனக்குத்தான் என்று நம்பிக்கொண்டிருந்தான். "நீ மேல படிடா, பெரிய ஆளா வா. இந்த வேலைக்கு நான் போறேன்" என்று அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டார். பிள்ளையின் நல்லதுக்குத்தான் செய்தார். ஆனால் அவன் மேலே படிக்கவில்லை. மைன்ஸிலேயே கான்ட்ராக்டில் சேர்ந்தான். அம்மா பெர்மனென்ட், பிள்ளை கான்ட்ராக்ட் என்று கேண்டீனில் அவன் காதுபடவே சிரித்தார்கள். இரண்டு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு மஸ்கட்டுக்குப் போய்விட்டான்.

போனவன் திரும்பி வரவே இல்லை. எப்போது வருகிறாய் என்று கேட்டால் ஒரே பதில்தான்: "டிக்கெட் விலை ஜாஸ்திம்மா." நான் போட்டுத் தருகிறேன் என்று அக்கா சொன்னபோது, "அந்தச் சம்பளக் காசு எனக்கு வேணாம்" என்று பட்டென்று சொல்லிவிட்டான். அக்கா அதை என்னிடம் சொன்னபோது சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

இரண்டாயிரத்துப் பதினான்கில் ஆபீஸ் வாசலில் பேங்க் ஆட்கள் குடை நட்டு உட்கார்ந்தார்கள். பெர்மனென்ட் ஆட்களின் பே ஸ்லிப்பைப் பார்த்தால் அவர்களுக்கு வாயெல்லாம் பல். கார்டில் செலவு செய்தால் பாயின்ட் சேரும், பாயின்ட் சேர்ந்தால் விமான டிக்கெட்டே எடுக்கலாம் என்று ஒருவர் சொன்னதும் அக்கா அங்கேயே நின்றுவிட்டார்.

"அது என் சம்பளத்துல பிடிக்கறது இல்லியே? நீங்களா சும்மா குடுக்கறதுதானே?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

சம்பளக் காசு இல்லாத டிக்கெட். அவருக்கு அது போதுமாக இருந்தது.

முதலில் வாங்கிய கார்டைப் பெருமையோடு என்னிடம் காட்டினார். கரண்ட் பில் கட்டினால் அதில் பாயின்ட் அதிகமாம். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். டவுன்ஷிப்பில் யார் கரண்ட் பில் கட்டுகிறார்கள்? கரண்ட், தண்ணீர், வாடகை, சொசைட்டி கடன் எல்லாமே சம்பளத்தில் பிடித்தம். ஆஸ்பத்திரியும் கம்பெனியுடையது. கார்டைத் தேய்ப்பதற்கு மிச்சம் என்ன இருக்கிறது? அதுவும் ஒற்றை ஆளுக்கு? அரை லிட்டர் பால், ஒரு கட்டு கீரை. அக்காவும் என்னோடு சேர்ந்து சிரித்தார். பிறகு, "ஆமாண்டி, எனக்குன்னு ஒரு செலவும் இல்ல" என்றார். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

ஆனால் அக்கா விடுகிற ஆள் இல்லை. அடுத்தடுத்து வேறு பேங்குகளிலிருந்து வந்த கார்டுகளையெல்லாம் பரப்பி வைத்து ஒவ்வொன்றாகக் கழித்தார். கடைசியில் மூன்று நின்றது. பெரிய கடைகளில் தேய்க்க ஒன்று. விமானத்துக்கான பாயின்ட் அதில்தான் வேகமாகச் சேரும். பெட்ரோலுக்கு ஒன்று, அதில் திரும்பி வரும் காசு அந்தப் பெரிய கடைக் கார்டின் வருடக் கட்டணத்துக்குச் சரியாகிவிடும். ரயில், பஸ் டிக்கெட் எடுக்க ஒன்று. செலவு? அதை ஊராரிடம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஆயுத பூஜைக்கு போனஸ் வந்தால் எங்கள் ஆட்கள் வீட்டில் தங்க மாட்டார்கள். பண்ருட்டிக்கும் கடலூருக்கும் குடும்பம் குடும்பமாகக் கிளம்பிவிடுவார்கள். அக்காவும் அவர்களோடு கிளம்பினார். ஃபிரிட்ஜோ புடவையோ, அவர்கள் ரொக்கத்தை அக்கா கையில் கொடுப்பார்கள், அக்கா கார்டைக் கொடுப்பார். ரொக்கம் மறுநாளே பேங்குக்குப் போய்விடும். ஒரு நாள்கூடத் தவணை தவறியது கிடையாது. எங்கள் செக்‌ஷன் தங்கராசு குடும்பத்தோடு திருப்பதி போனாலும், நல்லசாமி மகளுக்குக் கல்யாணப் பட்டு எடுத்தாலும் அக்கா கார்டுதான். ஐநூறும் ஆயிரமும் செல்லாது என்று ஆன வருடம் கேட்கவே வேண்டாம். கையில் நோட்டு இல்லாதவர்கள் செக்கை எழுதிக்கொண்டு அக்கா வீட்டு வாசலில் நின்றார்கள். அந்த வீட்டில் அத்தனை பேச்சுச் சத்தத்தை நான் அப்போதுதான் கேட்டேன்.

புடவைக் கடையில் அக்கா கலர்கூடச் சொல்வார். "அரக்கு எடுங்க, பொண்ணுக்கு எடுப்பா இருக்கும்" என்பார். பில் போட்டதும் குடும்பம் ஓட்டலுக்குப் போகும். வாங்களேன் என்று கூப்பிடுபவர்கள் சிலர், மறந்துபோகிறவர்கள் பலர். அக்கா தனியாகப் பஸ் ஏறி வந்துவிடுவார். "கார்டைத்தான் கூட்டிட்டுப் போறாங்க, உங்கள இல்ல" என்று ஒரு நாள் கடுப்பில் சொல்லிவிட்டேன். "தெரியாதா எனக்கு? போற வழியெல்லாம் பேசிகினு போறாங்க இல்ல, அது போதும்டி" என்றார்.

பதினெட்டாம் வருடம் மே மாதத்தோடு அக்காவுக்கு ரிட்டையர்மென்ட். அதன் பிறகு குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். ஜெயப்பிரகாஷ் பிறந்து வளர்ந்த வீடு. அதைக் காலி செய்வதற்குள் ஒரு தடவையாவது அவன் வந்து தங்கிவிட்டுப் போக வேண்டும், வேறெதுவும் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பிப்ரவரியில் பாயின்ட் சேர்ந்துவிட்டது. நானே போனில் பார்த்துச் சொன்னேன். போக வர டிக்கெட்டுக்குப் போக மிச்சமும் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார்.

"ஜெயா, உனக்கு டிக்கெட் ரெடிடா. போறதுக்கும் வர்றதுக்கும். என் சம்பளக் காசு ஒத்தப் பைசா இல்ல. பேங்க்காரன் சும்மா குடுக்கற பாயின்ட்டு. தேதி மட்டும் சொல்லு. மே மாசத்துக்குள்ள வந்தீன்னா நம்ம வூட்டுலயே தங்கிட்டுப் போலாம்."

கட்டாகிவிட்டதோ என்று போனைப் பார்த்தேன். இல்லை.

"அது வந்தும்மா..." என்றான். லீவு என்று ஆரம்பித்துப் பாதியில் விட்டான். சூப்பர்வைசர் என்றான், அதையும் விட்டான். இத்தனை வருடமும் ஒரே காரணம் போதுமாக இருந்ததால் வேறொன்றை அவன் யோசித்தே வைக்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று போனுக்குக் கையை நீட்டினேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இருடா, இருடா. பொற்கொடி என்னமோ காட்டறா" என்றார். நான் எதையும் காட்டவில்லை. "அடடா, நான்தான் தப்பாப் பாத்துட்டேன்டா. பாயின்ட் பத்தலியாம். டிக்கெட் விலை ஏறிப்போச்சாம்."

"அப்படியாம்மா?" அவனுக்கு இப்போதுதான் மூச்சு வந்தது. "நான்தான் சொன்னேன் இல்ல, விலை ஜாஸ்தின்னு."

"ஆமாண்டா, நீ சொன்னது சரிதான். அடுத்த வருஷம் பாத்துக்கலாம். நேரத்துக்குச் சாப்புடு."

போனை வைத்த பிறகும் அக்கா என் கையை விடவில்லை.

"அடுத்த வருஷம் எந்த வூட்டுக்குக்கா வருவான்?" என்று கத்திவிட்டேன். "ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"அவன் வாயால வரமாட்டேன்னு சொல்லிட்டான்னா, அப்புறம் நான் எதைடி நெனச்சிகினு இருக்கறது?" என்றார்.

அக்கா அழவில்லை. நான்தான் அழுதேன்.