டெல்ஃபினா ஊர் பார்க்கப் போன நாள்

பியெத்ரஸ்கூரா என்ற மலையூருக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் முதலில் வந்து உட்காருவது டெல்ஃபினாவின் காப்பிக்கடையில்தான். பஸ் சதுக்கத்தில் நிற்கும். எதிரே சிவப்புத் துணிப்பந்தல், அதன் கீழே நாலைந்து மேசைகள். எங்கே போகலாம், என்ன பார்க்கலாம் என்று அவர்கள் கேட்பதற்கு முன்பே டெல்ஃபினா அவர்களுடைய கால்களைப் பார்த்துவிடுவாள். குதி உயர்ந்த செருப்பென்றால் சுவரோவியம் இருக்கிற பழைய தேவாலயம். சாதாரண ஷூ என்றால் கோட்டைக் கோபுரம். கணுக்காலுக்கு மேல் கயிறு கட்டிய பூட்ஸ் என்றால் பாறையைக் குடைந்து கட்டிய துறவிகள் மடமும் அதற்கப்பால் அருவியும். "அரைமணி நேரம்தான், அலுங்காம ஏறிடலாம்" என்று சொல்லி, வழியில் கொறிக்க இரண்டு பிஸ்கட்டையும் கையில் திணித்து அனுப்புவாள்.

அந்த இடங்களில் ஒன்றைக்கூட அவள் பார்த்ததில்லை.

டெல்ஃபினா பிறந்தது தெர்மோலியில், கடலோரத்தில். மீன் விற்கிற வீட்டுப் பெண். எஜீதியோவைக் கட்டிக்கொண்டு இந்த மலைக்கு வந்த வாரமே அவன் சொன்னான், "வர்ற ஞாயித்துக்கிழமை உன்னை மடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்." அந்த ஞாயிறு கடையில் யார் வீட்டுக் குழந்தைக்கோ ஞானஸ்நான விருந்து. அடுத்த ஞாயிறு மாமியாருக்குக் காய்ச்சல். பிறகு மகன் பிறந்தான், மாமனார் படுக்கையில் விழுந்தார், கூரை ஒழுகியது. எப்படியும் ஞாயிற்றுக்கிழமைதான் கடையில் கூட்டம் நெரியும். அப்படியே முப்பது வருஷம் ஓடியது. எஜீதியோ ஒரு மார்கழிக் குளிரில் நெஞ்சுவலி வந்து இறந்துபோனான். மகன் தோரினோவுக்கு வேலைக்குப் போய்விட்டான். டெல்ஃபினா காலையில் கடையைத் திறந்தாள், இரவில் சாத்தினாள். மலையேறிவிட்டு வந்தவர்கள் சாயங்காலம் மேசையில் உட்கார்ந்து காட்டிய படங்களையும் பேசிய பேச்சையும் வைத்துக்கொண்டு, மறுநாள் வருகிறவர்களுக்கு வழி சொன்னாள். பேச்சு சுவைக்கவில்லை என்றால் தன் கையிலிருந்தும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டாள்.

ஜூன் மாதத்தில் ஒரு காலை, காப்பி மெஷின் உஸ்ஸென்று ஆவியைக் கக்கிவிட்டு நின்றுபோனது. பழுது பார்க்கிறவர் மறுநாள்தான் வர முடியும் என்றார். வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து, சேதியைக் கேட்டு, முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரும்பிப் போனார்கள். எஜீதியோவின் தங்கை லொரேதா பக்கத்துச் சந்தில் தையல் வேலை செய்கிறவள். அவளும் காப்பிக்கு வந்து ஏமாந்து நின்றாள்.

"அண்ணி, கடையைச் சாத்துங்க. இழவு சொல்ற மாதிரி ஒவ்வொருத்தர்கிட்டயும் இதையே எத்தனை தடவை சொல்லுவீங்க?"

"சாத்திட்டு எங்கடி போறது?"

"நல்லா கேட்டீங்க போங்க! ஊரு உலகத்துக்கெல்லாம் இங்க போ அங்க போன்னு கைய நீட்டுறீங்க. உங்களுக்குப் போக இடம் இல்லையாக்கும்?"

சதுக்கத்தில் வேனை நிறுத்திக்கொண்டிருந்த மான்லியோவின் காதில் இது விழுந்தது. மான்லியோ பக்கத்து நகரத்துக்காரர், நாற்பது வயதுக்காரர், வெளியூர்க் கூட்டங்களை அழைத்துவந்து சுற்றிக்காட்டுவது அவர் பிழைப்பு. அன்றைக்கு பொலோஞ்ஞாவிலிருந்து ஒரு கூட்டம் வந்திருந்தது. அதில் ஒருவர் வயிறு சரியில்லாமல் விடுதியிலேயே தங்கிவிட்டார்.

"அக்கா, ஒரு சீட் காலியாத்தான் இருக்கு. ஏறுங்க. எத்தனை பேரை நீங்க எனக்கு அனுப்பி வெச்சிருக்கீங்க!"

"இந்தச் செருப்போடவா?"

அவள் சொல்லி முடிப்பதற்குள் லொரேதா வீட்டுக்கு ஓடிப் போய்த் தன் பூட்ஸைக் கொண்டுவந்துவிட்டாள். ஒரு அளவு பெரிது. இரண்டு ஜோடி காலுறை போட்டதும் பொருந்தியது. "பத்திரமா கொண்டாந்து விடுங்க" என்று மான்லியோவிடம் சொன்னாள். "அண்ணியை இல்ல, பூட்ஸை."

முதலில் கோட்டைக் கோபுரம். கல்படிகள் உள்ளே சுருண்டு சுருண்டு ஏறின. மேலே போனதும் மான்லியோ தொண்டையைக் கனைத்துக்கொண்டு கதையை ஆரம்பித்தார். எதிரிப் படை கோட்டையைச் சுற்றி வளைத்துக்கொண்டதாம். உள்ளே ஆயுதம் தீர்ந்துவிட்டது. அரண்மனைச் சமையற்காரி என்ன செய்தாளென்றால், மிச்சமிருந்த வெங்காயத்தையெல்லாம் பன்றிக் கொழுப்பில் போட்டு விடிய விடிய வதக்கினாள். வாசனை காற்றில் இறங்கி வந்தது. பசியோடு படுத்திருந்த படைவீரர்களுக்கு வீட்டு ஞாபகம் வந்து, விடிவதற்குள் பாதிப் பேர் ஊரைப் பார்க்க ஓடிவிட்டார்கள்.

டெல்ஃபினா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"என்னக்கா?"

"இது நான் சொன்ன கதைப்பா."

"எது?"

"இந்த வெங்காயக் கதை. மழையில மாட்டிக்கிட்டு ஒரு மிலானோக்காரர் என் கடையில மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு உக்காந்திருந்தாரு. நான் உள்ள வெங்காயம் வதக்கிட்டு இருந்தேன். அவரு சிரிக்கட்டுமேன்னு எடுத்து விட்டேன்."

"விளையாடாதீங்கக்கா. போர்டுலயே எழுதியிருக்கு!"

உண்மையிலேயே எழுதியிருந்தது. படிகளின் ஓரத்தில் பலகை, இரண்டு மொழிகளில், கீழே ஒரு வெங்காயப் படம் வேறு. டெல்ஃபினா அதை இரண்டு தரம் படித்தாள். கூட்டத்தில் யாரும் அவளை நம்பவில்லை. தலைநரைத்த ஒரு பெரியவர் மட்டும் அவள் தோளைத் தட்டி, "யார் சொன்னா என்னம்மா, நல்ல சமையற்காரி" என்றார்.

மடத்துக்கு ஏறும்போதுதான் அவள் சிரிப்பு அடங்கியது. பாதை ஆட்டுத்தடம் போல ஒடுங்கி, செங்குத்தாக, சரளைக்கல்லாகப் போனது. கருவாலி மரங்களின் நிழல் முடிந்த பிறகு வெயில் மண்டையைப் பிளந்தது. வளைவுக்கு அப்பால் மடம் வரும் என்று பார்த்தால் இன்னொரு வளைவு வந்தது. டெல்ஃபினாவுக்கு மூச்சு முட்டியது. முன்னால் போய்க்கொண்டிருந்த ரொசால்பா என்ற குண்டு அம்மாள் நின்று, தடியை ஊன்றிக்கொண்டு திரும்பினாள்.

"போன வருஷமும் நான் வந்தேன். உங்க கடையிலதான் காப்பி குடிச்சேன். அரைமணி நேரம்னு சொன்னீங்களே, ஞாபகம் இருக்கா?"

டெல்ஃபினா குனிந்து தன் காலைப் பார்த்தாள். "சொல்லியிருப்பேன்" என்றாள்.

"இந்த முட்டியோட ஏறினேன். மேல போய்ச் சேர்றவரைக்கும் உங்க பரம்பரையையே திட்டித் தீர்த்தேன்."

"அப்புறம் ஏம்மா இந்த வருஷமும் ஏறுறீங்க?"

"மேல போனப்புறம் திட்ட மறந்துட்டேன்." ரொசால்பா கையை நீட்டினாள். "வாங்க, பிடிச்சுக்குங்க."

மடம் பாறையின் வயிற்றுக்குள் ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளே குனிந்து போக வேண்டும். துறவி படுத்திருந்த கல்மேடை, புகையேறிய கூரை, சுவரில் நீலம் மட்டும் மிஞ்சிப்போன ஒரு மாதா ஓவியம். ஜில்லென்று இருந்தது. டெல்ஃபினா வெளியே வந்து திட்டில் உட்கார்ந்து கீழே பார்த்தாள். பள்ளத்தாக்கின் நடுவில் ஊர், ஊரின் நடுவில் சதுக்கம், சதுக்கத்தின் ஓரத்தில் சிவப்பாக ஒரு பொட்டு. அது தன் கடைப் பந்தல் என்று புரிய அவளுக்குச் சற்று நேரமானது. அவ்வளவுதானா அது? அதற்குள்ளா முப்பது வருஷத்தையும் போட்டு மூடினோம்?

அழுகை வரும் என்று நினைத்தாள். வந்தது கோபம். "ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை, எஜீதியோ" என்றாள் வாய்விட்டு. "ஒரு ஞாயித்துக்கிழமை கடையைச் சாத்தியிருந்தா ஊரு சோத்துக்கில்லாமலா போயிருக்கும்?" கொஞ்ச நேரம் கழித்து, அவனும்தான் சின்ன வயதுக்குப் பிறகு இங்கே ஏறி வந்ததில்லை என்று தோன்றியது. கோபம் மெல்ல இறங்கியது. ரொசால்பா கொடுத்த ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் ஒரு துணுக்கு விடாமல் தின்றாள். அவ்வளவு பசி எடுத்து வெகுகாலமாகியிருந்தது.

அருவிக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. தண்ணீர் பாறையில் வழிந்து, கீழே ஆழமான பச்சை மடுவாகத் தேங்கியிருந்தது. எல்லோரும் விரலை நனைத்துப் பார்த்துவிட்டு, ஐயோ குளிர் என்று கையை இழுத்துக்கொண்டார்கள். டெல்ஃபினா பூட்ஸைக் கழற்றினாள். காலுறைகளைக் கழற்றினாள். மேல்சட்டையை மடித்துப் பாறைமேல் வைத்துவிட்டு, உள்பாவாடையோடு தண்ணீரில் இறங்கினாள்.

"அக்கா, ஆழம்! ஆழம் அது!" என்று மான்லியோ கத்தினார்.

அவர் கத்தி முடிப்பதற்குள் அவள் தலை தண்ணீருக்குள் போய்விட்டது. மான்லியோ ஒரு காலில் ஷூவோடும் மறுகாலில் இல்லாமலும் ஓடிவந்தார். மடுவின் நடுவில் அவள் தலை மேலே வந்தது. தலைமயிரை ஒதுக்கிவிட்டு, கையை நீட்டி நீட்டிப் போட்டு, நேரே அருவியைப் பார்த்து நீந்தினாள். நடக்கப் பழகும் முன்பே கடலில் விழுந்து எழுந்தவள் அவள். மலைக்கு வந்த பிறகு முழங்கால் நனையும் தண்ணீரைக்கூட மிதித்ததில்லை. ஆனாலும் கைகள் மறக்கவில்லை. அருவி தலையில் மோதி இறங்கியபோது அவள் போட்ட கூச்சல் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்டது. பாறையில் உட்கார்ந்திருந்தவர்கள் கை தட்டினார்கள். ரொசால்பா, "நானும் வரேன், யாராவது என் முட்டியைப் பிடிச்சுக்குங்க" என்று எழுந்துவிட்டாள்.

சாயங்காலம் வேனிலிருந்து இறங்கிய டெல்ஃபினாவின் தலை இன்னும் காய்ந்திருக்கவில்லை. பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தவளை லொரேதா மேலும் கீழும் பார்த்தாள்.

"தண்ணியில விழுந்துட்டீங்களா அண்ணி?"

"விழல. குதிச்சேன்."

மறுநாள் மெஷின் சரியானது. அந்த வாரமே கடைக் கதவில் டெல்ஃபினா ஒரு அட்டை மாட்டினாள்: வியாழக்கிழமை விடுமுறை. ஊரே குமுறியது. மருந்துக்கடை ஊகோ நேரிலேயே வந்து சண்டைக்கு நின்றார்.

"வியாழக்கிழமை நாங்க காப்பிக்கு எங்கம்மா போறது?"

"உங்க வீட்டுக்குப் போங்க. உங்க வீட்ல அடுப்பு இருக்குதானே?"

"என் பொண்டாட்டி போடுற காப்பிய நீங்க குடிச்சதில்ல."

"அப்ப நீங்களே போட்டு அந்த அம்மாவுக்குக் கொடுங்க."

மடத்துக்கு வழி கேட்டவர்களிடம் இப்போது, "நாக்கு தள்ளும், தண்ணி நிறைய எடுத்துக்குங்க, ஆனா பாதியில திரும்பி வந்துடாதீங்க" என்று சொன்னாள். முன்னைவிட அதிகம் பேர் போனார்கள். வியாழக்கிழமைகளில் அவள் தனியாக அருவிக்கு நடந்தாள். மூன்றாவது வாரம் லொரேதாவும் கூட வந்து, கரையில் உட்கார்ந்து கேலி பேசிக்கொண்டிருந்தாள். ஐந்தாவது வாரம் தானே தைத்த நீச்சல் உடையோடு வந்தாள். கழுத்து வரை மூடி, கழுத்தில் ஒரு சுருக்குப்பட்டையும் வைத்துத் தைத்திருந்தாள்.

ஆகஸ்ட் மாதத்தில் ஒரு வியாழன். டெல்ஃபினா இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, லொரேதாவின் முதுகுக்கு அடியில் இரண்டு கைகளையும் கொடுத்திருந்தாள். லொரேதா கண்ணை இறுக மூடிக்கொண்டு, பலகைபோல விறைத்துக் கிடந்தாள்.

"விட்டுடாதீங்க அண்ணி. உங்க கால்ல விழறேன், விட்டுடாதீங்க."

"நான் எப்பவோ விட்டுட்டேன்டி."

லொரேதா ஒரு கண்ணைத் திறந்தாள். அண்ணியின் இரண்டு கைகளும் காற்றில் இருந்தன. அவளுக்குச் சிரிப்பும் பயமும் ஒன்றாக வந்தன. ஆனாலும் அசையாமல் மிதந்தாள். காதுக்குள் தண்ணீர் குளுகுளுவென்று ஓடியது.

"அண்ணி, கடல்ல இதைவிட லேசா மிதக்கலாம்னு சொல்றாங்களே, நிஜமா?"

"அடுத்த வியாழன் என்கூட தெர்மோலிக்கு பஸ் ஏறு" என்றாள் டெல்ஃபினா. "நீயே பார்த்துட்டுச் சொல்லு."