என் கணவர் கொண்டுவந்த மெட்டு

எங்கள் இருபத்தைந்தாவது திருமண நாளுக்கு மகள் மூன்று நாள் விடுமுறை ஒன்றைப் பரிசாகக் கொடுத்தாள். அவள் கோலாலம்பூரில் வேலை பார்க்கிறாள். பாலியா, பேங்காக்கா என்று நான் மனத்துக்குள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது, ஜார்ஜ் டவுனில், பழைய வீடு ஒன்றை மாற்றி அமைத்த ஹோட்டலில் அறை போட்டிருப்பதாகச் சொன்னாள். நாங்கள் குடியிருப்பது சிம்பாங் அம்பாட்டில். கடல் பாலத்தைத் தாண்டினால் எதிர்த் தீவில் ஜார்ஜ் டவுன்தான். மாதத்தில் இரண்டு தடவையாவது ஏதோ ஒரு வேலையாகப் போய் வரும் ஊர்.

"பாலத்தத் தாண்டுறதுக்குப் பேரு ஹாலிடேயா லா?" என்று பக்கத்து வீட்டு அக்கா சிரித்தார்.

என் கணவர் மட்டும் அதை வெளிநாட்டுப் பயணமாகவே எடுத்துக்கொண்டார். இரண்டு நாளைக்கு முன்பே பெட்டியில் துணி அடுக்கினார். தொப்பி ஒன்று வாங்கினார்.

முதல் நாள் நன்றாகத்தான் போனது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நடந்தோம், நாசி கண்டார் சோறு சாப்பிட்டோம், பல வருடங்களாகக் காரில் கடந்துபோன கடைகளுக்குள் முதல் தடவையாக நுழைந்து பார்த்தோம். மறுநாள் காலை கண் விழிக்கும்போதே எனக்கு ஒற்றைத் தலைவலி. இளவயதிலிருந்து இருக்கும் வியாதி. வந்தால் வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது. திரைச்சீலையை இழுத்து மூடி, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படுத்துவிட்டேன். அவர் தனியாகக் கீழே காலை உணவுக்குப் போனார்.

ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் வந்தார். என் பஞ்சை மெல்ல எடுத்துவிட்டு, காதருகே குனிந்து சொன்னார்: "கீழ ஒரு மியூசிக் போட்டிருந்தாங்க. நல்லா இருந்துச்சி."

வலியில் நான் "ம்" என்றேன். அவர் பஞ்சைத் திரும்ப வைத்துவிட்டுப் போனார்.

அந்தச் சொல் எவ்வளவு பெரியது என்று தலைவலி இறங்கிய பிறகுதான் உறைத்தது. இருபத்தைந்து வருடத்தில் ஒரு இசையை நன்றாக இருக்கிறது என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. நான் எங்கள் தேவாலயப் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பின் வரிசையில் உட்கார்ந்து, முடியும் வரை பொறுமையாக இருப்பார். எந்தப் பாட்டையும் சுருதி விலகித்தான் பாடுவார். ஒரு கிறிஸ்துமஸுக்கு, குழுவில் ஆள் குறைகிறதே என்று அவரை நிற்கவைத்தபோது, வாயை மட்டும் அசைத்தால் போதும் என்று எங்கள் குழுத்தலைவி அன்பாகக் கேட்டுக்கொண்டார். அவரும் வருத்தப்படாமல் வாயை மட்டும் அசைத்தார். காரில் செய்தி மட்டும்தான் கேட்பார்.

அப்படிப்பட்டவர், வீடு திரும்பிய ஒரு வாரத்தில் காரைக் கழுவிக்கொண்டே ஏதோ முணுமுணுத்தார். தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு உள்ளே வந்து, "இது என்ன பாட்டுன்னு சொல்லேன்" என்றார்.

"பாடுங்க."

பாடினார். கீழே இரண்டு சுரம், மெதுவாக. பிறகு படி ஏறுவதுபோல் மேலே. பாதியில் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு, "ங்... ங்... ங்..." என்று பத்துப் பன்னிரண்டு தடவை. ஒவ்வொரு தடவையும் அந்தச் சுரம் மயிரிழை அளவு மேலே நழுவியது. பிறகு மறுபடியும் முதலிலிருந்து.

"நடுவுல சுருதி போகுது," என்றேன்.

"அப்படித்தான் இருந்துச்சி."

"எந்தப் பாட்டும் அப்படி இருக்காதுங்க."

"இது இருந்துச்சி."

மகளிடம் போனில் சொன்னோம். அவளுக்கு ஒரே குதூகலம். முணுமுணுத்தால் பாட்டைக் கண்டுபிடிக்கும் செயலி ஒன்றை அப்பாவின் போனில் இறக்கச் சொன்னாள். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, போலீஸ் நிலையத்தில் வாக்குமூலம் கொடுப்பவரைப்போல் அதற்குள் பாடினார். முதல் தடவை அது எங்களுக்குத் தெரியாத மொழியில் ஒரு தாலாட்டைக் காட்டியது. இரண்டாவது தடவை ஒரு குத்துப் பாட்டு. மூன்றாவது தடவை, கண்டுபிடிக்க முடியவில்லை, இன்னும் தெளிவாகப் பாடவும் என்றது. அவர் போனைக் கவிழ்த்து வைத்தார்.

"பியானோ சத்தம் மாதிரிதான் இருந்துச்சி" என்று அவர் சொன்னதால், மகள் தினமும் இரண்டு மூன்று பியானோ இசையை வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். வேலை விட்டு வந்ததும், எதற்கோ மூக்குக்கண்ணாடியையும் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றையும் முழுதாகக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் இது இல்லை என்று தலையாட்டினார்.

"இதெல்லாம் ரொம்ப சுத்தமா இருக்கு," என்றார் ஒரு நாள்.

"சுத்தமா இருந்தா என்ன?"

"அது இப்படி இல்ல. அவசரமே இல்லாம இருந்துச்சி. யாருக்கும் காட்டுறதுக்காக வாசிச்ச மாதிரி இல்ல."

கடைசியில் நானே கீபோர்டை எடுத்து வைத்தேன். அவர் பாடப் பாட நான் சுரம் தேடினேன். நாலைந்து மாலைகள் போயின. அவர் தந்த துண்டுகளை ஒட்டி, ஓட்டைகளை அடைத்து, ஒரு மெட்டாக நிமிர்த்தினேன். எனக்கே அது பிடித்திருந்தது. வாசித்துக் காட்டினேன்.

"கிட்ட வந்துட்ட," என்றார். "ஆனா நடுவுல அந்த ஏறுற எடத்த விட்டுட்டியே."

"அது நீங்க தப்பாப் பாடுறதுங்க. பாட்டுல கிடையாது."

அவர் ஒரு கட்டையை விரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு, கோபமில்லாமல், கீபோர்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஃபேக்டரில ஒரு மெஷினுக்கு பேரிங் போகப்போகுதுன்னா முப்பது அடி தள்ளி நின்னே சொல்லிடுவேன். எனக்குப் பாடத்தான் தெரியாது. காது நல்லாத்தான் கேக்கும்."

எனக்கு முகம் சுட்டது. அவர் இயந்திரப் பராமரிப்பில் முப்பது வருடமாக இருப்பவர். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் நின்றுபோவதற்கு இரண்டு நாளைக்கு முன்பே, "சத்தம் மாறுது" என்று சொன்னவர். பாட்டு என்று வந்துவிட்டால் மட்டும் அவருக்குக் காதே இல்லாததுபோல் நான் நடந்துகொண்டிருந்தேன்.

"சனிக்கிழமை அந்த ஹோட்டலுக்கே போய்க் கேட்டுட்டு வருவோம்," என்றேன். அவர் அன்றைக்கே தொப்பியைத் தேடி எடுத்து வைத்தார்.

ஹோட்டல் முகப்பில் இருந்த இளம்பெண் எங்கள் கதையைக் கேட்டுச் சிரிக்கவில்லை. சாப்பாட்டு ஹாலில் காலையில் போடும் பாட்டுகள் எல்லாம் ஒரே வரிசையில் இருப்பதாகச் சொல்லி, உட்காரவைத்து முதலிலிருந்து ஓடவிட்டார். நாங்கள் காப்பி வாங்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் கேட்டோம். ஒவ்வொரு பாட்டும் ஆரம்பிக்கும்போது என் கணவர் முன்னால் சாய்வார். பிறகு பின்னால் சாய்வார். வரிசை முடிந்து முதல் பாட்டு திரும்ப வந்தது.

மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்த அக்கா எங்களையே கவனித்துக்கொண்டிருந்திருக்கிறார். துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். "அண்ணே, எந்தப் பாட்டு? கொஞ்சம் பாடிக் காட்டுங்களேன்."

பக்கத்து மேசையில் வெள்ளைக்காரத் தம்பதி ரொட்டிக்கு ஜாம் தடவிக்கொண்டிருந்தார்கள். என் கணவர் அவர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பாடினார். இரண்டு சுரம் கீழே, படி ஏறி, "ங்... ங்... ங்..."

அக்கா கைதட்டிவிட்டார். "ஐயோ அண்ணே, இது பாட்டு இல்ல. பியானோ ரிப்பேருலா! மேல ஹால்ல பழைய பியானோ ஒன்னு இருக்குல்ல? அதுக்கு ட்யூன் பண்ண ஆள் வரும். நீங்க தங்குனப்பவும் வந்திருந்துச்சி, சத்தம் கீழ வரைக்கும் கேட்டுச்சி."

நான் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தேன். சுருதி சேர்ப்பவர், ஒரே கட்டையைத் தட்டித் தட்டிக் கம்பியை முறுக்கியிருக்கிறார். முறுக்க முறுக்க சுரம் மயிரிழை மயிரிழையாக ஏறியிருக்கிறது. என் கணவர் அதை அப்படியே, ஒரு துளி மாற்றாமல், பாலத்தைத் தாண்டிக் கொண்டுவந்திருக்கிறார். இத்தனை வருடம் தேவாலயத்தில் கீபோர்டு வாசிக்கும் நான், சுருதி விலகுகிறது என்று ஆறு வாரமாக அவரைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

வெற்றிப் பார்வை ஒன்றை எதிர்பார்த்துத் திரும்பினேன். அவர் முகமோ வாடியிருந்தது.

"அப்போ அது பாட்டே இல்லையா?"

"நடுவுலதான் ரிப்பேருங்க," என்றேன் அவசரமாக. "முன்னாலயும் பின்னாலயும் வந்தது பாட்டுதான். ட்யூன் பண்ண வந்தவங்களக் கேப்போம்."

அக்கா எங்கள் போன் எண்ணை எழுதிக்கொண்டார். மூன்று மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, நாளைக் காலை ஆள் வருகிறது என்று அழைத்தார். நாங்கள் இருவரும் லீவு போட்டோம்.

மாடி ஹாலில் பியானோவின் முன்பலகையைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தவர் நாற்பது வயது இருக்கக்கூடிய சீனப் பெண்மணி. ஜெலுத்தோங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார். ஹெல்மெட் தரையில் இருந்தது. ஒரு மெட்டு விஷயமாக அவரைப் பார்க்கத்தான் வந்தோம் என்று நான் மலாயில் ஆரம்பித்ததும் பதறிப்போனார். சத்தம் தொந்தரவாக இருக்கிறது என்று யாரோ புகார் செய்துவிட்டதாக நினைத்திருக்கிறார்.

என் கணவர் பாடிக் காட்டினார். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டார். கழுத்துவரை சிவந்துவிட்டது.

"அதுக்குப் பேரு எதுவும் இல்ல," என்றார். "ஒவ்வொரு சுரமும் ஒன்னோட ஒன்னு சேருதான்னு பாக்கறதுக்காக வாசிப்பேன். வருஷக்கணக்கா வாசிச்சு வாசிச்சு அது தானா ஒரு மாதிரி ஆயிடுச்சி. எனக்கு பியானோ வாசிக்கவே தெரியாது. தெரிஞ்சது இது ஒன்னுதான்."

"யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டேன்.

"யாரும் சொல்லிக்குடுக்கல. யாரும் கேட்டதும் இல்ல. நான் போய் வேலைய ஆரம்பிச்சாலே அந்தந்த வீட்டுக்காரங்க தலை வலிக்குதுன்னு வெளிய போயிடுவாங்க."

என் கணவர் என்னைத் திரும்பிப் பார்க்காமல் இருந்தது அவருடைய நல்ல குணம்.

"நான் இங்க உக்காந்து கேக்கலாமா?" என்றார்.

அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் பக்கத்தில் நின்றேன். அந்தப் பெண் முதலில் கூச்சத்தோடு தட்டினார். கொஞ்ச நேரத்தில் எங்களை மறந்துவிட்டார். கீழே இரண்டு சுரம். அவை அடங்கும்வரை தலையைச் சாய்த்துக் காத்திருந்தார். பிறகு அடுத்த இரண்டு. பிறகு நாலைந்து சேர்ந்து. மறுபடியும் காத்திருப்பு. அவ்வளவுதான் அந்த மெட்டு. உண்மையைச் சொன்னால், நான் தனியாகக் கேட்டிருந்தால் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன். ஆனால் அந்தக் காத்திருப்புகளில்தான் எல்லாம் இருந்தது. ஓட்டை என்று நினைத்து நான் அடைத்த இடங்கள் அவை. ஒரு சுரம் முழுதாக ஓயும்வரை என் கணவரும் மூச்சு விடாமல் இருந்தார். பிரசவ அறையில் மகள் முதன்முதலாக அழுதபோதுதான் அவரை அப்படிப் பார்த்திருக்கிறேன்.

வேலை முடிந்ததும் அந்தப் பெண் என்னை உட்காரச் சொன்னார். நான் வீட்டில் கட்டிய மெட்டை வாசித்தேன். "நான் வாசிக்கறத இவ்ளோ அழகா ஆக்கிட்டீங்களே" என்று அவர் கைதட்டினார். என் கணவரும் தட்டினார்.

காரில் பாலம் ஏறும்போது கேட்டேன்: "நான் வாசிச்சது எப்படி?"

"நல்லாத்தான் இருந்துச்சி." சிறிது தூரம் ஓட்டினார். "ஆனா அது வேற."

எங்கள் தேவாலய மண்டபத்தில் யாரோ எப்போதோ கொடுத்த பியானோ ஒன்று சுவரோரமாக இருக்கிறது. பாதிக் கட்டைகள் பேசாது. அதன்மேல் பூச்சாடிகள் வைத்திருப்பார்கள். நான் அதைத் தொட்டதே இல்லை. அந்த வாரம் ஃபாதரிடம் போய், பியானோவைச் சரிசெய்தால் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்று பேசினேன். அதுவும் உண்மைதான். அவர் சம்மதித்தார்.

ஜெலுத்தோங்கிலிருந்து அந்தப் பெண் வந்த அன்று என் கணவர் மறுபடியும் லீவு போட்டார். பூச்சாடிகளை அவரே இறக்கினார். மூடியைத் திறந்து விளக்கடித்துப் பார்த்த அந்தப் பெண் உச்சுக்கொட்டினார். ஈரம் ஏறியிருக்கிறது, கம்பிகள் சில துருப்பிடித்துப் போயிருக்கின்றன, ஒரே நாளில் ஆகாது, மூன்று நாலு தடவை வரவேண்டியிருக்கும் என்றார். ஃபாதர் பெருமூச்சு விட்டுக்கொண்டே அலுவலகத்துக்குப் போனார்.

என் கணவர் என் பக்கம் குனிந்தார். "நெறைய கோளாறு இருக்காம்," என்று பூரிப்போடு ரகசியம் சொல்லிவிட்டு, நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.