தீர்த்தம் தங்காத வயிறு

நாலு வருஷத்துக்கு முன்னாடி, புரட்டாசி மொத சனிக்கிழமை, இந்தப் பஜனைக் கோயில்ல இதே எடத்துல உக்காந்துகினு நான் பெருமாள் தீர்த்தத்தை முந்தானையில துப்பினேன். உங்கள்ல யாருக்கும் தெரியாது. பஜனை நடத்தற கோவிந்தசாமி மாமா ஊத்தின மூணே உத்தரணி தண்ணி. அது கூட உள்ள எறங்கல. நெஞ்சுக்குழியில போயி நின்னுச்சி, நுரையோட திரும்பி வந்துடுச்சி. வாயை மூடிகினு, கண்ணுல தண்ணி தாரையா ஊத்த, முந்தானையை வாய்மேல வெச்சிகினு எழுந்து போயிட்டேன். பக்கத்துல இருந்தவங்க நான் பக்தியில அழுவறேன்னு நெனச்சிகினாங்க.

மாமா இன்னைக்கி என்னை எழுந்து பேசச் சொன்னாரு. எனக்கு மேடையெல்லாம் வராது. நடந்ததை நடந்த மாதிரி சொல்றேன்.

என் பேரு ராஜேஸ்வரி. நாங்க சத்தியவேட்டுக்குப் பக்கம். எங்களுக்குன்னு காணி நெலம் கெடையாது. நைனா இருந்தவரைக்கும் ஊரார் நெலத்துல மல்லாட்டக் கடலை பிடுங்கினவங்கதான் நாங்க. நைனா போனப்போ என் தம்பி பாஸ்கர் எட்டாங்கிளாஸு. அம்மா அதுக்கும் முன்னாடியே போயிட்டாங்க. நான்தான் அவனுக்குச் சோறாக்கிப் போட்டு, பஸ் ஏத்தி உட்டு, படிக்க வெச்சேன். கம்ப்யூட்டர் படிச்சான். மெட்ராஸ் போனான், பெங்களூர் போனான், அப்புறம் அமெரிக்கா போயிட்டான்.

ஸ்ரீ சிட்டின்னு ஃபேக்டரிங்க வந்த புதுசுல எங்க வூட்டுக்காரருக்கு ஒரு ஃபேக்டரியில லோடிங் வேலை கெடச்சிது. எனக்குப் பக்கத்துலயே கேன்டீன்ல காய் நறுக்கற வேலை. நெலத்துல குனிஞ்சி நிமிந்த ஒடம்பு, நாளெல்லாம் ஒரே எடத்துல உக்காந்துகினு எண்ணெய்ப் பலகாரமா துன்ன ஆரம்பிச்சிது. எட்டு வருஷத்துல நான் நூத்திப் பதினெட்டு கிலோ. சக்கரை வந்துச்சி. முட்டி ரெண்டும் போச்சி. ஒருநாள் பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன். என்னைத் தூக்கறதுக்கு நாலு ஆம்பளைங்க வந்தாங்க. துணி சரியா இல்லாம கெடக்கறேன், நாலு பேரு கையை, காலைப் பிடிச்சித் தூக்கறாங்க. அந்த வெக்கத்தை நான் வாயால சொல்ல முடியாது.

அந்த வருஷம் பாஸ்கர் லீவுல வந்தான். நான் செவுத்தைப் பிடிச்சிகினு எழுந்துக்கறதைப் பாத்துட்டு அழுதுட்டான். அவன்தான் மெட்ராஸ்ல பெரிய ஆஸ்பத்திரிக்கிக் கூட்டினு போனான். வயித்தோட மேல்பக்கம் ரப்பர் மாதிரி ஒரு வளையம் போடுவாங்க. அதுலருந்து ஒரு சின்னக் குழாய் வந்து தோலுக்கு அடியில ஒரு பட்டன்ல முடியும். அந்தப் பட்டன்ல ஊசி குத்தி உப்புத்தண்ணி ஏத்தினா வளையம் இறுகும், எடுத்தா தளரும். இறுகிச்சின்னா கொஞ்சம் துன்னாலே வயிறு ரொம்பிடும். பேண்டுன்னு சொல்வாங்க.

ஊர்ல ஹெர்னியா ஆபரேஷன்னு சொன்னோம். துன்றதைக் கொறைக்க முடியாம வயித்தைக் கட்டிகினு வந்துட்டாளேன்னு யாரும் சொல்லக் கூடாதுன்னு நான்தான் அப்பிடிச் சொல்லச் சொன்னேன். பாஸ்கருக்கும் எங்க வூட்டுக்காரருக்கும் மட்டும்தான் நெஜம் தெரியும். என் நாத்தனார் குமாரிக்குக் கூடத் தெரியாது.

மொதல்ல நல்லாதான் இருந்துச்சி. ரெண்டு வாரம் தண்ணியா குடிக்கறது, அப்புறம் கொழகொழன்னு கரைச்சி குடிக்கறது, அப்புறம் மெல்ல மெல்ல கெட்டி ஆகாரம். ஒவ்வொரு வாயும் கூழாவற வரைக்கும் மெல்லணும். துன்னும்போது தண்ணி குடிக்கக் கூடாது. ஒரு இட்லியில பாதி துன்றதுக்கு அரை மணி நேரம் ஆவும். எல்லாரும் துன்னுட்டுக் கை கழுவினு போயிடுவாங்க. நான் மட்டும் சின்னக் கிண்ணத்தை வெச்சிகினு உக்காந்திருப்பேன். கல்யாண வூட்ல எலையில சோறு அப்பிடியே இருக்கும். "என்னாம்மா, கைய வெக்கவே இல்ல? பெரிய வியாதி எதுனா வந்துடுச்சா?" ன்னு பரிமாறறவங்க கேப்பாங்க. நான் சிரிச்சிகினே எலையை மூடுவேன்.

ஆனா எடை கொறஞ்சிது. ஆறு மாசத்துல இருபது கிலோ. ஜாக்கெட்டைப் பிரிச்சிப் பிரிச்சித் தெச்சேன். பாஸ்கர் போன்ல கேக்கும்போது சொல்றதுக்கு ஒரு நம்பர் இருந்துச்சி. அந்த நம்பர்தான் எனக்குப் பேய் மாதிரி பிடிச்சிகிச்சி. நடுவுல ரெண்டு மாசம் ஒரு கிலோ கூட எறங்கல. அடுத்த லீவுக்கு அவன் வர்றதுக்குள்ள எழுவத்தஞ்சிக்கு வந்துடணும்னு மெட்ராஸுக்குப் போயி இன்னும் இறுக்கச் சொன்னேன்.

பேண்டு போட்ட டாக்டரம்மா கேட்டாங்க, "சோறு சாப்பிடறப்போ அடைக்குதா? வாந்தி வருதா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. ரெண்டு தோசை துன்றேன்" ன்னேன்.

பொய். அப்பவே வாரத்துல நாலு தரம் அடைச்சிகினுதான் இருந்துச்சி. அவங்க என்னை நம்பி ஊசி போட்டாங்க. இதுல அவங்க மேல ஒரு தப்பும் இல்ல.

அப்புறம் சோறு சுத்தமா எறங்கல. நெஞ்சுல கல்லு வெச்ச மாதிரி நிக்கும். வாயில எச்சி நூல் நூலா ஊறும். வூட்டுக்குப் பின்னால போயி தொண்டையில விரலை உட்டு வாந்தி எடுத்துட்டு வருவேன். ஐஸ்கிரீம், பாயசம், சக்கரை போட்ட பால், இதெல்லாம் வழுக்கிகினு எறங்கும். அதையே குடிச்சேன். மெட்ராஸுக்கு மறுபடி வரச் சொன்ன தேதிக்குப் போவல. போனா தளர்த்திடுவாங்கன்னு பயம்.

ஆடியில குமாரி வூட்ல கூழ் ஊத்தினாங்க. கறிச்சோறு. எல்லாரும் பாக்கறாங்களேன்னு ரெண்டு துண்டு கறியை வாயில போட்டு முழுங்கினேன். அப்பிடியே அடைச்சிகிச்சி. மாட்டுக்கொட்டாய்க்குப் பின்னால போயி நின்னுகினு, வயிறே வெளிய வந்துடற மாதிரி வாந்தி எடுத்தேன். உள்ள என்னமோ நழுவின மாதிரி ஒரு வலி. அன்னையிலருந்து எதுவுமே நிக்கல. பால் குடிச்சா பாதி வரும். படுத்தா புளிச்ச தண்ணி தொண்டைக்கி வந்து இருமல். உக்காந்துகினே தூங்குவேன்.

பக்கத்து டவுன்ல ஒரு டாக்டர்கிட்ட போனேன். கேஸ், அல்சர்னு மாத்திரை குடுத்து குளுகோஸ் ஏத்தினாரு. முன்னாடி எதுனா ஆபரேஷன் ஆச்சான்னு அவரும் கேட்டாரு. ஹெர்னியான்னேன். வூட்டுக்காரரு, "மெட்ராஸுக்குப் போயி காட்டிட்டு வந்துடலாம் வா"ன்னு ரெண்டு மூணு தரம் கூப்ட்டாரு. "கேஸ்தான், சரியாயிடும்"னு சொல்லியே ஓட்டிட்டேன். அவருக்கு ஒரு வாரம் பகல் ஷிப்டு, ஒரு வாரம் ராத்திரி ஷிப்டு. நான் வாந்தி எடுக்கறதுல பாதியை அவரு பாத்ததே இல்ல.

ஆவணி கடைசியில காலு ரெண்டும் மரத்துப் போச்சி. செருப்பு கழண்டு விழறதே தெரியல. நடந்தா தள்ளாடும். எதிர்ல வர்ற ஆளு ரெண்டு ஆளா தெரிவாங்க. தலை சீவினா சீப்பு நெறைய முடி. அப்பவும் பாஸ்கர் போன் பண்ணுவான்.

"அக்கா, எப்பிடி இருக்க?"

"சூப்பரா இருக்கேன்டா. எம்பதுக்கு வந்துட்டேன்."

"நீ நெஜமாவே ஜெயிச்சிட்ட அக்கா"ன்னான். போனை வெச்சிட்டு வாளியில வாந்தி எடுத்தேன்.

இந்த நெலமையிலதான் அந்தச் சனிக்கிழமை இங்க வந்தேன். தீர்த்தத்தைத் துப்பினேன். வூட்டுக்குப் போயி, ஈர முந்தானையைக் கையில வெச்சிகினு பெருமாள் படத்துக்கு முன்னாடி உக்காந்தேன். அவரோட தண்ணியே எனக்குள்ள வர மாட்டேங்குது, என்னை அவரே ஒதுக்கிட்டாருன்னு தோணிச்சி. நான் கொழம்பிக் கொழம்பி வேண்டல. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். "என்னை எடுத்துக்கோ. இல்லனா ஒரு வழி உடு. ரெண்டுல ஒண்ணு பண்ணு. என்னால நடிக்க முடியல."

ஒண்ணும் நடக்கல. நெசத்தைச் சொல்றேன், ஒண்ணுமே நடக்கல. ஞாயித்துக்கிழமை, திங்கக்கிழமை தண்ணியும் நிக்கல. செத்துடுவேன்னு முடிவு பண்ணிட்டேன். உதுந்தது போவ மிச்சம் இருக்கற முடியையாவது மலைமேல அவருக்கே குடுத்துட்டுப் போவலாம்னு நெனச்சேன். செவ்வாக்கிழமை வூட்டுக்காரரு ஷிப்டுக்குப் போனதும், "வேண்டுதல் இருக்குது, கூட வா"ன்னு குமாரியைக் கூப்ட்டுகினு புத்தூர் வழியா திருப்பதி போற பஸ் ஏறினேன்.

திருப்பதி பஸ் ஸ்டாண்டுல எறங்கினேன். மலை தெரிஞ்சிது. ரெண்டு மலையா தெரிஞ்சிது. கையைத் தூக்கிக் கும்பிடப் போனேன், அப்பிடியே விழுந்துட்டேன்.

முழிச்சப்போ ஒரு ஆஸ்பத்திரியில கட்டில்மேல இருக்கேன். ஆட்டோக்காரங்க தூக்கினு வந்தாங்களாம். ஒரு சின்ன வயசு டாக்டரு கண்ணுல டார்ச் அடிச்சிப் பாக்கறாரு. பக்கவாதமோன்னு அவங்க பேசிக்கறாங்க. ஸ்கேனுக்குத் தள்ளினு போவ ஆளு வந்துட்டாங்க. நர்ஸு குளுகோஸ் பாட்டிலை மாட்டினு இருக்காங்க. அந்த டாக்டரு தெலுங்குல கேக்கறாரு, "கடுப்பு ஆபரேஷன் ஏமைனா அயிந்தா அம்மா?" வயித்துல ஆபரேஷன் எதுனா ஆச்சான்னு.

குமாரி முந்திகினா. "ஹெர்னியா ஆபரேஷன் சார்."

அவரு எழுதப் போனாரு. நான் தலையாட்டியிருந்தா போதும். ஒன்றரை வருஷமா அப்பிடித்தானே ஆட்டினேன். ஆனா தலை ஆடல. நாக்கு ஒட்டிகினு இருந்த வாயிலருந்து என் குரல் வந்துச்சி. "ஹெர்னியா காது சார், ஹெர்னியா இல்ல. பேண்ட். வயித்துல பேண்ட் போட்டிருக்குது. ரெண்டு மாசமா வாந்தி. எல்லார்கிட்டயும் பொய் சொன்னேன்."

அந்தப் பேச்சை நான் பேசினேன்னு இன்னைக்கும் என்னால சொல்ல முடியல. அதுக்கு எங்கிட்ட தெம்பு இல்ல, எண்ணமும் இல்ல.

அந்த டாக்டரு பேனாவைக் கீழ வெச்சிட்டாரு. "குளுகோஸ் ஆபு! நிறுத்து! மொதல்ல விட்டமின் ஊசி!"ன்னு கத்தினாரு. அவரு வேற ஊர்ல படிச்சப்போ இந்த ஆபரேஷன் பண்ற எடத்துலயே ரெண்டு வருஷம் வேலை செஞ்சவரு. அன்னைக்கி அவரோட ட்யூட்டியே கெடையாது, இன்னொருத்தருக்குப் பதிலா வந்து நின்னவரு. இதெல்லாம் நர்ஸம்மா அப்புறம் சொன்னாங்க. ரெண்டு மாசமா சத்தே இல்லாத ஒடம்புல வெறும் குளுகோஸா ஏத்தினா நரம்பு கெட்டுப் போவுமாம், புத்தியும் கூட பேதலிச்சிடுமாம். என் காலு அந்தச் சத்துக் கொறைச்சல்லதான் கெட்டிருக்குது.

மெட்ராஸ் டாக்டரம்மாகிட்ட போன்ல பேசினாரு. என் வயித்தைத் தடவித் தடவி அந்தப் பட்டனைக் கண்டுபுடிச்சாரு. ஊசியைக் குத்தி இழுத்தாரு. சிரிஞ்சுல தண்ணி ஏறுது, நான் பாத்துகினே இருக்கேன். நெஞ்சுக்குழியில யாரோ பிடிச்சிகினு இருந்த கையை உட்ட மாதிரி இருந்துச்சி. கொஞ்ச நேரம் கழிச்சி நர்ஸம்மா ஒரு டம்ளர்ல தண்ணி குடுத்தாங்க. பயந்துகினே ஒரு மொடக்கு குடிச்சேன். எறங்கிச்சி. இன்னொரு மொடக்கு. அதுவும் எறங்கிச்சி. அந்தத் தண்ணி போற வழியெல்லாம் எனக்குத் தெரிஞ்சிது. "கோவிந்தா"ன்னு ஒரு சத்தம் போட்டேன், பக்கத்துக் கட்டில்காரங்க எழுந்து உக்காந்துட்டாங்க.

குமாரி என்னையே பாத்துகினு நின்னா. "எங்கிட்ட சொல்லியிருந்தா அந்தக் கறிச்சோத்தைப் போட்டிருக்க மாட்டேனே அண்ணி"ன்னு தலையில அடிச்சிகினு அழுதா. சாயங்காலம் எங்க வூட்டுக்காரரு வந்தாரு. கட்டிலுக்குப் பக்கத்துல குந்திகினு என் மரத்துப் போன காலைப் பிடிச்சிகினே இருந்தாரு.

கதை அதோட சுகமா முடியல. வயிறு நழுவிகினு இருந்ததால ஒரு வாரத்துலயே மெட்ராஸ்ல பேண்டை எடுத்துட்டாங்க. தடி ஊணாம நடக்க அஞ்சு மாசம் ஆச்சி. எடது பாதம் இன்னும் மரப்புதான், முள்ளு குத்தினா தெரியாது. எடையும் பாதி திரும்பி வந்துடுச்சி. இப்ப தொண்ணூத்தாறு. வளையம் இல்லாமலே மெதுவா மென்னு துன்றேன். சில நாளு தோத்துப் போறேன். மறைக்காம சொல்லிடறேன்.

ஆஸ்பத்திரியிலருந்தே பாஸ்கருக்குப் போன் போட்டு எல்லாத்தையும் சொன்னேன். அவன் சொன்னான், "நீ ஒல்லியாவணும்னா அக்கா நான் பண்ணேன்? நீ யாரையும் பிடிக்காம எழுந்து நிக்கணும்னுதானே பண்ணேன்." நான் எந்த நம்பருக்காகச் செத்துகினு இருந்தேனோ அந்த நம்பரை அவன் கேக்கவே இல்ல.

சாமி என்னை அந்தச் சனிக்கிழமை ஒதுக்கலன்னு இப்ப எனக்குத் தெரியுது. ஒரு வழி உடுன்னு கேட்டேன். அவரு என் வாயைத் தொறந்தாரு. அதைக் கேக்கறதுக்குத் தெரிஞ்ச ஆளையும் அந்தக் கட்டில்கிட்ட கொண்டாந்து நிறுத்தி வெச்சிருந்தாரு. அதுக்கு மேல எனக்கு வேற அற்புதம் தேவையில்ல.

நீங்களும் அவரை நம்புங்க. ஆனா வேண்டிகினு வந்துட்டு டாக்டர்கிட்ட பொய் சொல்லாதீங்க. அவரு அனுப்பற ஒத்தாசை வாசல்ல நிக்கும், நாமதான் உள்ள தாப்பா போட்டுகினு இருப்போம்.

பஜனை முடிஞ்சி எல்லாரும் கெளம்பினப்புறம் நான் இந்தத் தூணுகிட்டயே உக்காந்திருப்பேன். யாருக்கிட்டயும் சொல்லாம ஒடம்புக்குள்ள எதையாவது வெச்சிகினு திண்டாடறவங்க யாராவது இருந்தா, வந்து பக்கத்துல உக்காருங்க. நான் வெளிய சொல்ல மாட்டேன். ஆனா மறுநாள் காலையில மொத பஸ்ஸுக்கு உங்க வூட்டு வாசல்ல வந்து நிப்பேன்.