குப்பைமேனியும் கேப்ஸ்யூலும்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஆண்டிமடம் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊருக்கே தெரியும். தெரிந்தும் என்னிடம் சளைக்காமல் வாயாடியவள், முந்திரிக்கொட்டை உடைக்கிற ஒருத்தி.

கொட்டையின் தோட்டிலிருந்து கசிகிற காரமான எண்ணெய் பட்டு அவளுடைய இடது ஆள்காட்டி விரல் வெந்து சீழ் வைத்திருந்தது. கொட்டையைப் பிடிக்கிற விரல் அது. அது போனால் பிழைப்பு போச்சு. ஒரு வாரம் கேப்ஸ்யூல் கொடுத்தும் கேட்கவில்லை. சீழை எடுத்துத் திருச்சிக்கு அனுப்பினோம். வழக்கமான மருந்துக்கு இந்தக் கிருமி அடங்காது என்று பதில் வந்தது.

"வேற மாத்திரை ஒண்ணு இருக்கு. அதுவும் கேக்கலேன்னா விரலை எடுக்க வேண்டியதுதான்" என்றார் டாக்டர்.

அவள் விரலில் சுற்றியிருந்த துணிக்கட்டைப் பிரித்தேன். உள்ளே பச்சையாக ஏதோ அப்பியிருந்தது.

"என்ன கண்றாவி இது?"

"குப்பைமேனியும் மஞ்சளும்ங்க. உங்க கேப்ஸ்யூலையும் பிரிச்சுக் கொட்டி அரைச்சுட்டேன்."

"முழுங்கத்தானே கொடுத்தேன்?"

"முழுங்குனா வயித்துக்குல்ல போவும்? புண்ணு விரல்லல்ல இருக்கு, சிஸ்டரம்மா!"

எந்தக் காயத்துக்கும் கேப்ஸ்யூலை இப்படி அரைத்துப் பூசுவதுதான் அவள் வீட்டில் வழக்கமாம். இப்படி அரைகுறையாகப் பட்டுப் பட்டே கிருமிக்கு மருந்து பழகியிருக்கும் என்றார் டாக்டர். நான் கத்தித் தீர்த்தேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"இலையத் திட்டாதீங்க சிஸ்டர், அதுலயும் குணம் இருக்கு. கொதிக்க வச்ச இலைத்தண்ணியில வெளிய கழுவுங்க. மாத்திரை உள்ள போகட்டும். ரெண்டும் சேந்து ஒரு கை பாக்கட்டும்."

மறுநாளிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பின்னால் குனிந்து குப்பைமேனி பறிக்கிற வேலை என் தலையில் விழுந்தது. கழுவிக் கட்டியதும் மாத்திரையை நீட்டுவேன்.

"வாயைத் திற. முழுங்கு. நாக்கை நீட்டு."

அவள் முகத்தைச் சுளிப்பாள். நான் விடமாட்டேன். மூன்றாம் நாளும் சீழ் நிற்கவில்லை. வெளியே அதட்டினாலும் எனக்கு உள்ளுக்குள் பயம்தான். ஆறாம் நாள் புண் காய்ந்திருந்தது. சந்தோஷத்தில் அவளைக் கட்டிக்கொண்டேன். காப்பாற்றியது இலையா மாத்திரையா என்று கேட்டதற்கு டாக்டர் கையை விரித்தார்.

ஒரு மாதம் கழித்து வறுத்த கொட்டைகளும் அவற்றை உடைக்கிற தட்டுக்கட்டையுமாக வந்தாள். அந்த விரலாலேயே ஒரு கொட்டையைப் பிடித்து, ஒரே தட்டில் முழுப் பருப்பாக எடுத்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"வாயத் தொறங்க, சிஸ்டரம்மா" என்று பருப்பை என் வாயில் போட்டாள். "முழுங்குங்க. ம்... நாக்க நீட்டுங்க."

நீட்டினேன்.