பன்னிரண்டு லாட்ஜும் ஒரு சிவப்புப் பட்டனும்

வியாழன் காலை. பொதிகை ரயில் தென்காசியில் வந்து நின்றபோது ஏழரை மணி தாண்டியிருந்தது. மேற்கே மலையின் கீழ்ப்பாதிதான் தெரிந்தது. மேல்பாதியை மேகம் எடுத்துக்கொண்டுவிட்டது. என்னோடு இறங்கியவர்களில் பாதிப் பேர் தோளில் துண்டோடு இறங்கினார்கள். நான் மடிக்கணினிப் பையோடு இறங்கினேன். ஆனி மாதத்தில் இந்த ஊருக்கு வந்துவிட்டு அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்றால் எந்த ஆட்டோக்காரர் நம்புவார்? “குளிக்க வரலையா, வேலைக்கா வந்திருக்கீய?” என்று இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் வண்டியைக் கிளப்பினார். கோயில் கோபுரம் தெரியும் தெருவில் இறக்கிவிட எண்பது ரூபாய்.

அங்கே ஒரு மாடியில்தான் இசக்கியம்மாளின் அலுவலகம். இருபது வருடங்களுக்கு முன் சென்னைத் தரமணியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் அவளும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். டெஸ்டிங் பிரிவு. அடுத்தவர் எழுதிய மென்பொருளில் ஓட்டை எங்கே என்று தேடுவதுதான் பிழைப்பு. நான் சென்னையிலேயே தங்கிவிட்டேன். அவள் ஊருக்குத் திரும்பி, ஏழு பேரை வைத்துக்கொண்டு சொந்தமாக ஆரம்பித்துவிட்டாள்.

குற்றாலத்து லாட்ஜ்களில் அறை பதிவு செய்ய ஒரு மென்பொருள் செய்திருந்தாள். பன்னிரண்டு லாட்ஜுகள் ஒப்புக்கொண்டிருந்தன. சனிக்கிழமை காலை எல்லாவற்றிலும் ஓடத் தொடங்க வேண்டும். சீசனைத் தவறவிட்டால் அடுத்த ஆனி வரை அலுவலகம் தாக்குப்பிடிக்காது என்று போனிலேயே சொல்லியிருந்தாள். நான் பார்த்துச் சரியென்று கையெழுத்துப் போட்டால்தான் வெளியிடுவதாகவும் சொல்லியிருந்தாள்.

அந்த வார்த்தைக்காகத்தான் லீவு போட்டுவிட்டு வந்தேன். தரமணியில் நாங்கள் வேலை பார்த்த காலத்தில் எல்லாம் வரிசைப்படி நடக்கும். என்ன வேண்டும் என்று முதலில் எழுதுவார்கள். பிறகு வடிவமைப்பு, பிறகு கட்டுமானம், கடைசியில் டெஸ்டிங். ஒன்று முடிந்து கையெழுத்தான பிறகுதான் அடுத்தது. ஆங்கிலத்தில் இதற்கு வாட்டர்ஃபால் என்று பெயர். குற்றாலத்துக்கு வந்து அந்தப் பெயரை உச்சரித்தால் கிண்டல் செய்வார்கள் என்பதால் இதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஜன்னல் இல்லாத ஓர் அறையில் ஆறு வாரம் நாங்கள் தேடுவோம். எழுதியவர்கள் வாசலில் வந்து நின்று, முடிந்ததா, முடிந்ததா என்று கேட்பார்கள். இசக்கி ஊரிலிருந்து கொண்டுவந்த முந்திரிக்கொத்தைக் கடித்தபடி, “அவசரத்துல அண்டாவுலயும் கை நுழையாது” என்பாள். அந்த அறையின் ஏ.சி. சத்தம்கூட இன்னும் என் காதில் இருக்கிறது. வாழ்க்கையில் நான் முக்கியமானவளாக இருந்த இடம் அதுதான்.

பிறகு அஜைல் வந்தது. இரண்டு வாரத்துக்கு ஒரு துண்டாகச் செய், உடனே காட்டு, மாற்று, மறுபடி செய். நல்ல முறைதான், பொய் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் டெஸ்டிங் செய்யலாம் என்று ஆனபின் எங்களுக்கென்று ஓர் அறை வேண்டாம் என்றாகிவிட்டது.

இசக்கி இரண்டையும் கலந்து வைத்திருந்தாள். முன்பணம், விருந்தினர் பதிவு, பில் ஆகியவற்றைப் பங்குனியிலேயே எழுதி, லாட்ஜ்காரர்களிடம் கையெழுத்து வாங்கி, கட்டி முடித்து, பழைய பாணியில் ஒரு மாதம் சோதித்துப் பூட்டிவிட்டாள். வாடகை, தள்ளுபடி, குளிக்கத் தடை போன்ற அன்றாடம் மாறுபவற்றை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை புதிதாகச் சேர்த்தாள். லாட்ஜ்காரர்கள் வேலை செய்கிற விதமே இதுதான். வெள்ளையடிப்பதும் குழாய் மாற்றுவதும் சித்திரைக்குள் ஒரே மூச்சில் முடிந்துவிடும். தண்ணீர் விழத் தொடங்கிய பிறகு அன்றன்றைக்கு மலையைப் பார்த்துத்தான் எதையும் முடிவு செய்வார்கள்.

அன்று முழுவதும் பூட்டிய பகுதியைத் தட்டிப் பார்த்தேன். கல்லுப்போல் இருந்தது. அவளுடைய பழைய கை இன்னும் தப்பவில்லை என்று சந்தோஷமாக இருந்தது. அன்றே கையெழுத்துப் போட்டிருப்பேன். லாட்ஜில் ஒரு நாள் பார்த்துவிடுகிறேன் என்று ஏனோ சொல்லிவைத்தேன்.

வெள்ளி காலை. தென்காசியிலிருந்து குற்றாலம் ஐந்து கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் நிற்கத்தான் இடம் கிடைத்தது. சாரல் ஜன்னல் வழியாக எல்லோர் முகத்திலும் சமமாக அடித்தது. சாலையோரம் ரம்புட்டானும் மங்குஸ்தானும் குவித்து விற்றார்கள். மெயினருவிக்குப் போகும் வழியில் ஒரு லாட்ஜில் மட்டும் திங்கள்கிழமையிலிருந்து வெள்ளோட்டம் நடந்துகொண்டிருந்தது. அதன் மேனேஜர் செல்லையா அண்ணாச்சி. கல்லாவுக்குப் பக்கத்தில் டேப்லெட்டை வைத்து, மேலே பாலிதீன் உறை போட்டிருந்தார். வருகிறவர்கள் எல்லோர் கையிலும் எண்ணெய் என்றார். திரையின் ஓரத்தில் குளிக்கத் தடைக்கான சிவப்புப் பட்டன் இருந்தது. அதை அழுத்தினால் முன்பதிவு செய்தவர்களுக்கெல்லாம் செய்தி போகும். அவர்கள் பதிவை ரத்து செய்யலாம். பன்னிரண்டு லாட்ஜும் மயங்கியது அந்தப் பட்டனைப் பார்த்துத்தான். கடையநல்லூரிலிருந்து தினமும் வரும் நசீமா என்ற பெண் இரண்டு வாரத்தில் அதைச் செய்திருந்தாள்.

மதியத்துக்குமேல் மலையில் இருட்டியது. சற்று நேரத்தில் போலீஸ் விசில் கேட்டது. மெயினருவியிலும் ஐந்தருவியிலும் குளிக்கத் தடை. அண்ணாச்சி பெருமையோடு என்னைப் பார்த்துவிட்டுப் பட்டனை அழுத்தினார். செய்திகள் பறந்தன. அடுத்த நாளைக்கு வரவிருந்த இருவர் ரத்து செய்தார்கள். எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது.

அந்த நேரம் கொல்லத்திலிருந்து ஒரு குடும்பம் மழைக்கு ஒதுங்கி வந்து அறை கேட்டது. திரையில் ஏழாம் எண் காலி என்று வந்தது. கூட்ட நெரிசலில் அண்ணாச்சி மாற்றுச்சாவியை எடுத்துப் பையனிடம் கொடுத்தனுப்பினார். கால் மணி நேரத்தில், தலையில் எண்ணெயும் இடுப்பில் ஈரத்துண்டுமாக ஒரு விருதுநகர்க்காரர் மனைவி மக்களோடு மாடியேறினார். ஏறிய வேகத்தில் இறங்கி வந்தார். அவருடைய அறையில், அவருடைய கட்டிலில், யாரோ ஒரு மலையாள அம்மா உட்கார்ந்து தலை துவட்டிக்கொண்டிருக்கிறார் என்றார். அந்த அம்மா கையில் இருந்தது இவர்கள் வீட்டுத் துண்டு.

அண்ணாச்சி இரு குடும்பத்துக்கும் காபி வரவழைத்தார். வேறு அறை கொடுத்தார். கும்பிட்டார். எல்லாம் அடங்கியபின் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “மேடம், இருக்குத ஆளையே இல்லன்னு சொல்லுதே உங்க கம்ப்யூட்டர்.”

எங்கே தப்பு என்று பஸ்ஸில் திரும்பும்போதே புரிந்துவிட்டது. பட்டன் அன்றைய தேதியில் பதிவு இருந்தவர்களையெல்லாம், உள்ளே தங்கியிருந்தவர்களையும் சேர்த்து, ரத்துக் கணக்கில் போட்டிருக்கிறது. நசீமா நாளைக்கு வருகிறவர்களை வைத்துத்தான் சோதித்திருந்தாள். இசக்கியின் ஒரு மாதச் சோதனை நடந்தபோது பட்டனே பிறக்கவில்லை. அவரவர் வேலையை அவரவர் ஒழுங்காகத்தான் செய்திருந்தார்கள். இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவருக்கு யாருமே வெள்ளையடிக்கவில்லை.

வெள்ளி மாலை, அலுவலகம். நசீமா முகம் வாடிப்போய், ஒரு மணி நேரத்தில் சரிசெய்துவிடுவேன் என்றாள். செய்துவிடுவாள் என்று நானும் நம்பினேன். ஆனால் அந்தப் பட்டன் பூட்டிவைத்த பகுதிக்குள் கையை விடுகிறது. முன்பணம், பில், அறை மூன்றையும் அதோடு சேர்த்து முதலிலிருந்து பார்க்க வேண்டும். அதற்கு நாள் வேண்டும். கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன்.

“ஏட்டி, வெளையாடுதியா?” என்றாள் இசக்கி. “ஏழு பேரு குடும்பம் இருக்கு. ஒன்னைய நம்பித்தான கூப்பிட்டேன்.”

“அதனாலதான் சொல்றேன். பட்டனை எடுத்துடு. மத்ததை நாளைக்கு விடு. தடை வந்தா போன்ல சொல்லிக்கலாம்.”

“பட்டன் இல்லன்னா இது எதுக்குன்னு கேப்பாவ. என்ன சொல்லுவேன்?”

சென்னையிலிருந்து வந்து சட்டம் பேசுவது எனக்குச் சுலபம். திங்கள்கிழமை எனக்குச் சம்பளம் நிற்காது. அவள் ஜன்னலோரம் போய் நின்றாள். மறுபடி பேசியபோது என்னோடு பேசவில்லை. நசீமாவிடம் பட்டனை எடுத்துவிடச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு லாட்ஜாகப் போனில் கூப்பிட ஆரம்பித்தாள். நடந்ததை மறைக்காமல் சொன்னாள். சிலர் திட்டியது எனக்கே கேட்டது. பட்டன் இல்லாத மென்பொருளுக்கு நான் கையெழுத்துப் போட்டேன். அதை அவள் என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டாள். தரமணியில் ஒரு நாள்கூட நாங்கள் பேசாமல் வீட்டுக்குப் போனதில்லை.

சனி காலை வெளியிட்டார்கள். மதியம் மறுபடியும் தடை வந்தது. இசக்கியும் நசீமாவும் ஆளுக்கொரு போனை வைத்துக்கொண்டு விருந்தினர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் போய்வருகிறேன் என்றதற்கு இசக்கி கையை மட்டும் ஆட்டினாள். ஸ்டேஷனுக்குத் தனியாகத்தான் வந்தேன். மூன்று நாள் குற்றாலத்துப் பக்கம் இருந்தும் அருவியில் தலையைக் காட்டவில்லை என்பதைக் கூடுவாஞ்சேரியில் எங்கள் தெருவில் யாரிடமும் சொல்ல முடியாது.

மாலை ரயில் கிளம்பியது. மலை பின்னால் போகப் போக எங்கள் சென்னை அலுவலகம் நினைவுக்கு வந்தது. அங்கே வாரத்துக்கு இரண்டு முறை புதிய பதிப்பு தானாகவே வெளியே போகும். நல்ல ஏற்பாடு, பிழை வந்தால் அதுவே பின்வாங்கிவிடும். அதற்கு என் கையெழுத்து வேண்டாம், நான் சரி என்றாலும் ஒன்றுதான், இல்லை என்றாலும் ஒன்றுதான். இங்கே ஒரு முறை இல்லை என்றதற்கே ஒரு சிநேகிதியை இழந்துவிட்டேனோ என்று போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன்.

கடையநல்லூர் தாண்டியதும் போன் அடித்தது. இசக்கி. குரல் அடியோடு கட்டியிருந்தது.

“மூணு லாட்ஜ் போயிட்டு. ஒம்பது நிக்கி,” என்றாள். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, “எனக்கு இன்னும் கோவம் தீரல கேட்டியா. பட்டனச் சரி பண்ணி லிங்க் அனுப்புதேன். செவ்வாக்கெழம வரைக்கும் நல்லாப் பாரு. நீ சரின்னு சொல்லாம நான் போட மாட்டேன்.” வைத்துவிட்டாள்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. எதிர் பெர்த்திலிருந்த பெரியவர் பதறிப்போய், “வீட்ல ஏதும் கெட்ட சேதியாம்மா?” என்றார்.

“இல்லைங்க. ஆபீஸ்ல எனக்காகக் காத்திருக்காங்க,” என்றேன்.

அவர் நம்பியதாகத் தெரியவில்லை. தண்ணீர் பாட்டிலை என் பக்கம் தள்ளி வைத்தார்.